இரவல் கதம்பம்

மஞ்சப்பாறை எஸ்டேட்டில் ஒரு வண்டி இருந்தது. அதில் அதற்கென்று சொந்தமாக ஒரு திருகாணிகூடக் கிடையாது. வெள்ளைக்காரன் ஊரில் யாரோ அண்ணன் தம்பி இரண்டு பேர், பெரிய யுத்தம் முடிந்த கையோடு, கம்பெனி ஆரம்பிக்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, ஒரு காரிலிருந்து இஞ்சின், இன்னொரு காரிலிருந்து கியர், பட்டாள லாரியிலிருந்து முன்கண்ணாடி, டிராக்டரிலிருந்து ஒரு விளக்கு, எதிலிருந்து என்றே தெரியாத இன்னொரு விளக்கு, பிணம் கொண்டுபோகும் வண்டியிலிருந்து கதவுக் கைப்பிடி என்று சேர்த்துக் கட்டிய அதை, எங்கள் வில்காக்ஸ் துரை எதைக் கண்டு மயங்கினாரோ, கப்பலேற்றி, ரயிலேற்றி, நாற்பத்தோரு கொண்டை ஊசி வளைவும் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தார். வலது கதவு இடது கதவைவிட நாலு விரற்கடை உயரம். முகப்பில் கம்பெனியின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு துவாரங்கள் மட்டும் இருந்தன. பேரில்லாத பிள்ளைக்கு யாராவது பேர் வைக்கத்தானே வேண்டும், எங்கள் ஆட்கள் கதம்பம் என்று வைத்தார்கள்.

துரை ஊருக்குத் திரும்பியபோது நாயைக் கூட்டிக்கொண்டு போனார், கதம்பத்தை விட்டுவிட்டுப் போனார். பழைய இலைக் கொட்டகையில் அறுபது வருஷம் அது கிடந்தது. கோழிகள் அதில் முட்டையிட்டன, உண்ணிச்செடி அடியில் முளைத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது, எஸ்டேட் மூன்று கம்பெனிகளின் கைக்கு மாறியது, கடைசியாக வந்த மேனேஜர் அதைக் கண்டதும் முகம் சுளித்து, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். யாருக்கு வேண்டும்? கோமுவுக்கு மட்டும் வேண்டியிருந்தது.

கோமு என்கிற கோமதிக்கு, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் பத்தாம் நம்பர் லயத்துக்கு வந்தபோது இரண்டு வயசு. பெற்றவள் உச்சிமாகாளி, புருஷன் தவறிய ஆறாம் மாதம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக விசா வந்து, நீலக் கூடையில் இரண்டு கவுனையும் இடுப்பில் பிள்ளையையும் சுமந்துகொண்டு சங்கரன்கோவிலிலிருந்து மலையேறி, தன் அக்கா சந்தனமாரியின் கையில் கொடுத்தாள். "ரெண்டே வருசம்க்கா. பொத்தி வச்சிரு, வந்து வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்த்தால் போக முடியாது என்பதால் திரும்பிப் பார்க்காமலே போனாள். இரண்டு வருஷம் ஏழு வருஷமாயிற்று. சந்தனமாரிக்கும், டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த அவள் புருஷன் ஆவுடையப்பனுக்கும் பிள்ளை இல்லை என்பதை அந்த ஏழு வருஷத்தில் நாங்கள் எல்லோருமே மறந்துபோனோம். அவர்களும் மறந்திருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வந்த புதிதில் பிள்ளை தூங்காமல் அழும். ஆவுடையப்பன் தூக்கிக்கொண்டு போய் கதம்பத்தின் ஸ்டேரிங் முன்னால் உட்கார வைத்தால் அழுகை நின்றுவிடும். வாயாலேயே வண்டி ஓட்டி ஓட்டித் தூங்கும். அப்படி வளர்ந்த பிள்ளை. கார்த்திகை மாதம் உச்சிமாகாளி போனில் கூப்பிட்டு, வருகிற வைகாசியில் ஒரேயடியாக வந்துவிடுகிறேன், ஊரில் வீடு பார்த்தாயிற்று, கோமுவை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறேன் என்று சொன்னபோது, அடுப்படியில் சந்தனமாரி அரிசி களைந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோமுதான் கேட்டாள்.

"பெரியப்பா, அம்மாவை அடிவாரத்துலேர்ந்து எதுல கூட்டிட்டு வருவோம்?"

ஆவுடையப்பன் சட்டென்று, "கதம்பத்துல" என்றான்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். ஃபேக்டரி ஷிப்ட் முடிந்ததும் கொட்டகைக்குப் போவான். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கினான். துருவை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, எது துரு எது தகரம் என்று இரண்டு மாதம் ஆராய்ச்சி செய்தான். கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டான். இறுகிப்போன பிஸ்டனுக்கு வேப்பெண்ணெய் ஊற்றி, பதினோரு நாள் காத்திருந்து, பன்னிரண்டாம் நாள் மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் அது பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கியது. ஒரு நட்டுக்கு ஒரு ஸ்பேனர் பொருந்தினால் பக்கத்து நட்டுக்கு அது பொருந்தாது. "ஒரே வீட்டுக்குள்ள பன்னிரண்டு மருமவ இருக்குத மாதிரி இருக்குவே இது" என்று எங்களிடம் அலுத்துக்கொண்டான். ஆனால் அவன் கை மட்டும் அந்த வண்டியின் மேல் அலுப்பாகப் பட்டதே இல்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பகலில், இருபது பேர் சுற்றி நிற்க, முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். பதினேழாவது சுற்றில் கதம்பம் இருமியது, செருமியது, அப்புறம் ஓடியது. கோமு குதித்தாள். மலைக்காட்டிலிருந்து ஒரு குரங்குக் கூட்டம் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

மறுநாள் காலையில் இடது விளக்கு இல்லை.

திருட்டு என்றால் உடைந்திருக்க வேண்டும், நெளிந்திருக்க வேண்டும். இங்கே திருகாணிகள் நாலும் மட்கார்டின் மேல் வரிசையாக, சாப்பிட்டு எழுந்தவர் இலையை மடித்து வைத்தது போல ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. எல்லோரும் பழைய இரும்புக்கடை காதர்மைதீனைப் பார்த்தோம். அவர் பள்ளிவாசல் இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தியம் செய்தார். வியாழக்கிழமை, ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வலது கதவின் கைப்பிடி இருந்தது, பிறகு இல்லை. காதர்மைதீனும் அந்த ஏழு பேரில் ஒருவர், அதனால் அவர் மேலிருந்த பழி நீங்கியது.

விஷயத்தை விளக்கியவர் ஸ்டோரில் வேலை பார்த்து ரிட்டயரான தேவசகாயம். அவருடைய அப்பா வில்காக்ஸ் துரையிடம் பட்லராக இருந்தவர். அந்த அண்ணன் தம்பி இருவரும் ஒரு சாமானையும் விலைக்கு வாங்கவில்லையாம். கூட்டாளி வீட்டில் ஒன்று, மாமன் வீட்டில் ஒன்று என்று, அடுத்த வாரம் தந்துவிடுகிறேன், அடுத்த மாதம் தந்துவிடுகிறேன் என்று இரவல் வாங்கி, ஒரே ஒரு வண்டியைக் கட்டி முடித்து, அதைத் துரை தலையில் கட்டிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்களாம். துரையே மேசையில் உட்கார்ந்து சொல்லிச் சிரிப்பாராம்.

"இத்தனை நாளும் உயிரில்லாமக் கெடந்துச்சு. இப்ப உயிர் வந்துட்டுல்லா, வீட்டு நெனப்பும் வந்துட்டு" என்றார் தேவசகாயம். "திருட்டும் இல்ல, பேயும் இல்லவே. இரவல் சாமான், சொந்தக்காரன் வீட்டுக்குப் போவுது."

எங்களுக்கு இது சரி என்று பட்டது. இரவல் என்றால் திருப்பித் தரத்தானே வேண்டும். கூட்டம் கலைய இருந்த நேரத்தில் சந்தனமாரிதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள், "விளக்கும் கைப்பிடியும் வெறுமனையா போச்சு?"

அவ்வளவுதான், பெண்கள் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் லயம் என்பது பத்து வீடு, ஒரே கூரை, நடுவில் அரைச் செங்கல் சுவர். ஒருவர் வீட்டு இட்லிக் கொப்பரை இன்னொருவர் வீட்டில்தான் இருக்கும். ஆனால் வாங்கின பாத்திரத்தை வெறும் பாத்திரமாக யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. ஒரு பிடி அரிசி, இல்லையென்றால் ஒரு துண்டு கருப்பட்டி, அதுவும் இல்லையென்றால் ஒரு இணுக்குக் கறிவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுப்போம். இதில் சந்தனமாரி ரொம்பக் கெட்டி. ஒருமுறை நாகம்மா அவசரத்தில் உழக்கை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று வாசலிலேயே நிற்க வைத்து, அந்த உழக்கில் தன் கையாலேயே நாலு மிளகைப் போட்டு, "இப்ப குடு, வாங்கிக்கிடுதேன்" என்று சொன்னவள். அப்படிப்பட்டவள் வசிக்கும் லயத்திலிருந்து, கடல் தாண்டி, ஒரு விளக்கு வெறும் விளக்காகப் போயிருக்கிறது. மஞ்சப்பாறைக்காரர்களைப் பற்றி அங்கே என்ன நினைப்பார்கள்?

அன்று சாயங்காலமே சந்தனமாரி பழைய சேலையைக் கிழித்து, எஸ்டேட் பேர் போட்ட தாளில் ஒரு பிடி தேயிலை, ஒரு துண்டு கருப்பட்டி, கொஞ்சம் மிளகு வைத்து முடிந்து, இடது மட்கார்டில் கட்டினாள். மறுநாள் மதியம் மட்கார்டு கிளம்பிப் போயிற்று. இப்படியே ஒவ்வொன்றாகப் போயின. போன இடத்தை எங்கள் சாமான்களைக் கொண்டு நிரப்பினான் ஆவுடையப்பன். இடது விளக்குக்குச் சந்தனமாரியின் எவர்சில்வர் தூக்குவாளியை வாய் முன்னால் பார்க்க மாட்டி, உள்ளே பல்பு வைத்தான். மட்கார்டுக்கு ஃபேக்டரியின் பழைய தகரத் தட்டு. ஸ்டேரிங் போனதும் டெய்லர் சுந்தரபாண்டி தன் கால்மிஷினின் கீழ்ச்சக்கரத்தைக் கொடுத்தார். முன்கண்ணாடிக்கு யூனியன் ஆபீஸ் அறிவிப்புப் பலகையின் கண்ணாடி வந்தது. அதில் ஒட்டியிருந்த பழைய போனஸ் கோரிக்கையைக் கிழிக்கக் கூடாது என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஓட்டுகிறவன் கோரிக்கைக்குப் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பாதையைப் பார்க்க வேண்டியிருந்தது. ரேடியேட்டர் மூடிக்கு நாகம்மாவின் குக்கர் வெயிட். ஏற்றத்தில் மூன்று விசில் அடிக்கும், சத்தம் கேட்ட வீடுகளில் பெண்கள் பழக்கத்தில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

இரவல் கொடுத்தவர்களின் பாத்தியதை வேறு. தையல்காரர் கடையைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தி, "சக்கரம் சௌக்கியமா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். செக்போஸ்டில் நோட்டில் எழுதும்போது கம்பெனி என்ற கட்டத்தில் முதலில் இங்கிலாந்து என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பங்குனியில் காவலரே அதை அடித்துவிட்டு, மஞ்சப்பாறை, பத்தாம் நம்பர் லயம் என்று எழுதினார்.

சித்திரையில் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. போஸ்ட்மாஸ்டர் கையில் பிடித்துக்கொண்டே ஓடிவந்தார், பள்ளிக்கூட டீச்சர் படித்துச் சொன்னார். ஒரு வயதான அம்மாள் எழுதியிருந்தாள். என் அப்பா சாகும் வரைக்கும் ஒரு மட்கார்டைச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார், அது போன மாதம் ஒரு காலையில் என் அடுப்படி மேசையில் இருந்தது, முடிச்சில் இருந்த தேயிலைத்தாளில் உங்கள் எஸ்டேட் பேர் பார்த்தேன், டீ நன்றாக இருந்தது, கறுப்பாக இருந்த இனிப்பு என்னவென்று தெரியவில்லை ஆனால் அதுவும் தீர்ந்துவிட்டது, இந்தத் துணியை நான் திருப்பி அனுப்ப வேண்டுமா? பெண்களுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நல்ல குடும்பத்துப் பெண்பிள்ளை என்றார்கள். துணி வேண்டாம், வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று பதில் போட்டோம்.

இதற்கிடையில் இன்னொன்றும் தெரியவந்தது. மரியாதையைக் கண்ட சாமான்கள் அதன்பிறகு வெறுமனே போக மறுத்தன. பின்பக்கப் பம்பருக்கு முடிச்சுக் கட்டுவது நாகம்மாவின் முறை. அவள் மறந்துவிட்டாள். பதினோரு நாள் பம்பர் அசையவில்லை. ஞாபகம் வந்து ஒரு பிடி உளுந்தைக் கட்டினாள், அரைமணி நேரத்தில் போய்விட்டது. எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. சந்தனமாரி சிரிக்கவில்லை. பம்பர் இருந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு அவள், இஞ்சினில் யாரும் எதையும் கட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அந்த நேரம் வண்டியில் வெள்ளைக்காரனுடையது என்று மிச்சமிருந்தது இஞ்சின் மட்டும்தான். தங்கச்சியை அழைத்துவர வண்டி ஓட வேண்டுமே என்று சொல்கிறாள் போல என நாங்களும் விட்டுவிட்டோம். அவள் மனசுக்குள் போட்ட கணக்கு எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் கோமுவின் பையில் தினமும் ஒரு பொரி உருண்டையோ கடலை மிட்டாயோ இருக்கும், அது நின்றது. தலைக்குப் பூ வைப்பது நின்றது. சந்தனமாரி சோறு போட்டாள், குளிப்பாட்டினாள், ஆனால் பிள்ளையின் கையில் எதையும் கொடுக்கவில்லை. நீலக் கூடையைக் கழுவி, ஒரு பொட்டு இல்லாமல் துடைத்து, ஆணியில் கவிழ்த்து மாட்டினாள். ராத்திரி கதை சொல்வதையும் நிறுத்திவிட்டாள். வெறுமையாக இருக்கிற எதுவும் திரும்பிப் போகாது என்று அவள் நம்பினாள். பாத்திரம் நிறைந்தால்தானே திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். இப்படி ஒரு கிறுக்குத்தனம் எங்கள் லயத்துக்காரிக்குத்தான் வரும், அதுவும் பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிற ஒருத்திக்குத்தான் வரும்.

வைகாசி பிறந்து இரண்டாம் வாரம், கதம்பம் நாற்பத்தோரு வளைவும் இறங்கி அடிவாரம் பஸ் ஸ்டாண்டில் நின்றது. உச்சிமாகாளி இரண்டு பெட்டியோடு நின்றிருந்தாள். ஏழு வருஷமும் போனில் பார்த்த பிள்ளைதான், ஆனால் போனில் பிள்ளைக்கு உயரம் தெரியவில்லை. வாங்கிவந்த ஜிகினா கவுனை அங்கேயே பிரித்து கோமுவின் தோளில் வைத்துப் பார்த்தாள். அது இடுப்புவரைதான் வந்தது. அவள் அந்தக் கவுனைத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாத அழுகை அது. கோமு, தெரியாத ஊருக்கு வழி சொல்கிறவளைப் போல, "அம்மா, ஏறுங்க, ரெண்டாவது வளைவுல விசில் அடிக்கும், பயப்படாதீங்க" என்றாள்.

உச்சிமாகாளி பத்து நாள் இருந்தாள். பிள்ளைக்குத் தலைவாரப் போனால் வகிடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஊட்டப் போனால் பிள்ளை உதட்டை மூடிக்கொண்டாள். நாலாம் நாள், துணி துவைக்கும் கல்லருகே, அக்காவிடம் கேட்டாள்.

"யக்கா, அவளுக்கு என்னெல்லாம் பிடிக்கும்? சொல்லுக்கா. எனக்கு ஒண்ணுமே தெரியல."

"எனக்கு என்ன தெரியும்" என்றாள் சந்தனமாரி, துணியை முறுக்கிக்கொண்டே. "நீதான பெத்தவ."

உச்சிமாகாளியின் முகம் சுருங்கிவிட்டது. அதைச் சொன்னவளுடைய முகம் அதைவிடச் சுருங்கிவிட்டது. நான் பக்கத்துக் கல்லில்தான் துவைத்துக்கொண்டிருந்தேன். சோப்பு நுரை ஓடையில் போய்க்கொண்டிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், மழை விட்டிருந்த நேரம், கோமு கதம்பத்தில் போய் ஸ்டேரிங் முன்னால் கொழுந்துக்கூடை மேல் உட்கார்ந்துகொண்டாள். சீட்டு போன இடத்தில் அந்தக் கூடைதான் இருந்தது. சாப்பிடக் கூப்பிட வந்த சந்தனமாரி பக்கத்தில் நின்றாள்.

"பெரியம்மா, என் மேல கோவமா?"

"எதுக்குட்டி கோவம்?"

"பின்ன ஏன் எனக்கு ஒண்ணும் தர மாட்டேங்க? நான் போயிருவேன்லா, எனக்குக் குடுத்தா வீணாப் போயிரும்னா?"

சந்தனமாரி வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுத்தா நீ போயிருவட்டி" என்றாள். "அதான் குடுக்கல. அந்தப் பம்பரு போவல பாத்தியா, அப்படி நீயும் இருந்துருவன்னு..."

"நான் பம்பரா பெரியம்மா? அம்மா டிக்கெட்டு எடுத்துட்டா" என்றாள் கோமு. பிறகு, பெரியவர்கள் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்தி, "நான் வெறுங்கையோட போனா சங்கரன்கோவில்ல எல்லாரும் உங்களைத்தான தப்பாப் பேசுவாவ? ஏழு வருசம் வச்சிருந்து இப்படி வெறும் பிள்ளையாத் திருப்பிக் குடுத்துட்டான்னு சொல்ல மாட்டாவளா? எனக்கு அது வேண்டாம் பெரியம்மா" என்றாள்.

அப்புறம் என்ன இருக்கிறது சொல்ல. சந்தனமாரி அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாளும் அடக்கியிருந்ததை எல்லாம் சேர்த்து அழுதாள், லயம் முழுக்கக் கேட்டது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அழுது முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் ஆணியில் கவிழ்த்திருந்த நீலக் கூடையை எடுத்து நிமிர்த்தினாள். நிரப்ப ஆரம்பித்தாள். கருப்பட்டியும் தேயிலையும் வைத்தாள், மிளகும் ஏலமும் வைத்தாள், பிள்ளையின் விழுந்த முதல் பல்லைச் சுற்றிவைத்திருந்த காகிதத்தை வைத்தாள், ஐந்து வருஷமாகச் சேர்த்த பாசிமணி, மூன்றாம் வகுப்பில் வாங்கிய ஓட்டப் பந்தயச் சான்றிதழ், காய்ச்சலில் போர்த்திய சின்ன கம்பளி. விஷயம் தெரிந்து எல்லா வீடும் வந்தது. டெய்லர் ஒரு பாவாடை தைத்துக் கொண்டுவந்தார், காதர்மைதீன் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய ஒரு பித்தளைச் சாவியைக் கொடுத்தார், அது எந்தப் பூட்டுக்கு என்று அவருக்கும் தெரியாது. நாகம்மா உழக்கு நிறைய உளுந்தோடு வந்து, "இந்தத் தடவை நான் மறக்கல" என்றாள்.

பிறகு சந்தனமாரி தங்கச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள். வெங்காயத்தைக் கண்ணில் காட்டாதே ஆனால் அரைத்துப் போட்டால் தின்பாள், வகிடு இடது பக்கம் எடு, இடி இடித்தால் பயப்பட மாட்டாள் ஆனால் பல்லியைக் கண்டால் கத்துவாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால்தான் தூக்கம் வரும், அப்போது இடது பாதத்தைத் தேய்த்துவிடு, பொய் சொன்னால் காதைத் தொடுவாள், கோபம் வந்தால் பேச மாட்டாள், நீயாகப் போய்ப் பேசாதே, ஒரு டம்ளர் காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடு. உச்சிமாகாளி தலையை ஆட்டி ஆட்டி ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டாள். அவள் அழுதுகொண்டே, "யக்கா, கொஞ்சம் மெதுவாச் சொல்லு, மறந்துருவேன்" என்றாள். சந்தனமாரி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

காலையில் கடைசியாக இரண்டு காரியம் செய்தாள். இஞ்சினில் தன் கையாலேயே முடிச்சைக் கட்டினாள், எல்லா முடிச்சையும்விடப் பெரிய முடிச்சு. பிறகு கதம்பத்தின் இடது கண்ணாக இருந்த தூக்குவாளியைக் கழற்றச் சொல்லி, தேய்த்துக் கழுவி, முறுக்கை நிரப்பி, கோமுவின் கையில் கொடுத்தாள்.

"முறுக்கு உனக்கு. வாளி இரவல்" என்றாள். "நல்லாக் கேட்டுக்கோ உச்சி. வாளி இரவல்."

"தெரியும்க்கா" என்றாள் உச்சிமாகாளி.

எத்தனையாவது வளைவில் இஞ்சின் போனது என்று யாருக்கும் தெரியாது. சத்தம் கடைசிவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்கிறான் ஆவுடையப்பன். பஸ் புறப்பட்ட பிறகு பானட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, நட்டுகள் மட்டும் வரிசையாக இருந்தன. தேயிலை டிராக்டரைக் கூப்பிட்டு மேலே இழுத்து வந்தோம். சந்தனமாரி கதம்பத்திலேயே உட்கார்ந்து வந்தாள். கதம்பம் இப்போது முழுக்க எங்களுடையதாக ஆகிவிட்டது, ஆனால் ஓடாது, இடது கண்ணும் இல்லை. இரவல் கொடுத்தவர்கள் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. டெய்லர் சக்கரம் இல்லாமல் கையாலேயே தைத்தார்.

ஆனி, ஆடி, ஆவணி என்று மழை பெய்துகொண்டே இருந்தது. வீட்டில் பல்லி கத்தினால்கூட சந்தனமாரிக்கு அழுகை வந்தது. கொழுந்து பறிக்கையில் கூடையைப் பாதியிலேயே கொட்டிவிட்டு வருவாள், நிறைந்த கூடையைப் பார்க்க முடியவில்லை என்றாள்.

புரட்டாசியில் காலாண்டு லீவு விட்ட மறுநாள் காலை, எஸ்டேட்டுக்கு வரும் முதல் பஸ் பனியில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, "பத்தாம் நம்பர் லயத்து ஆளு யாரு? ஒரு உருப்படி இருக்கு" என்று சத்தம் போட்டார். முன்படியில் கோமு நின்றிருந்தாள், இடதுபக்க வகிட்டோடு, டெய்லர் தைத்த பாவாடையோடு, கையில் தூக்குவாளியோடு. பின்னால் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள் உச்சிமாகாளி.

சந்தனமாரி ஓடி வந்தவள் நேரே வாளியைத்தான் வாங்கினாள். மூடியைத் திறந்தாள், காலி. அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா அதிரசம் போட்டுத்தான் குடுத்தா பெரியம்மா" என்றாள் கோமு, காதைத் தொடாமல். "வழியில எல்லாத்தையும் தின்னுட்டேன். வாளியை வெறுமனே குடுக்கக் கூடாதுல்லா. அதான் நானே வந்துட்டேன்."

ஆவுடையப்பன் வாளியை வாங்கிக்கொண்டுபோய் கதம்பத்தின் இடது கண்ணில் மாட்டினான். மாட்டிவிட்டு, என்ன தோன்றியதோ, ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். உள்ளே ஒன்றுமில்லாத கதம்பம் இருமியது, செருமியது, அப்புறம் ஓடியது. குக்கர் விசில் அடித்தது, லயத்தில் பெண்கள் அடுப்பை அணைத்தார்கள், டெய்லர் வெளியே வந்து தன் சக்கரம் சௌக்கியமா என்று பார்த்தார். எங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தனமாரி அங்கே நிற்கவே இல்லை, வீட்டுக்குள் போய் முறுக்குக்கு அரிசி ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். லீவு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.